பிரெஞ்சு 'அவான்சே' எங்கிருந்து வந்தது? நடுவில் நுழைந்த 'டி' யாருடையது?

ஆங்கிலத்தின் 'அட்வான்ஸ்', பிரெஞ்சு மொழியின் 'அவான்சே' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. முன்னால் போவது, முன்னேறுவது, ஒன்றை முன்னே நகர்த்துவது என்று அதற்குப் பொருள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஆங்கிலச் சொல்லில் 'வ'வுக்கு முன்னால் ஒரு 'டி' இருக்கிறது, பிரெஞ்சுச் சொல்லில் இல்லை. வாடகை வீட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்தோம் என்று நாம் சொல்லும்போதும் அந்த 'ட்' நம் வாயில் வருகிறது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும் சொல்லில் ஓர் ஒலி தேய்ந்து மறைவது சகஜம். இங்கே இல்லாத ஒலி ஒன்று முளைத்திருக்கிறது. அதை நட்டவர்கள் நன்றாகப் படித்தவர்கள். அவர்கள் செய்தது தவறு என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலில் மூலத்துக்குப் போவோம். இலத்தீனில் 'அந்தே' என்றொரு சொல். 'முன்' என்று பொருள். இடத்தில் முன், காலத்தில் முன் இரண்டுக்கும் அது பொருந்தும். நம் 'முன்' அப்படியே அந்த வேலையைச் செய்கிறது: வீட்டுக்கு முன், ஒரு வருடத்துக்கு முன். எழுத்து இலத்தீனுக்கு இந்த ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்தது. பேச்சு இலத்தீனில் போதவில்லை. சின்னச் சின்ன இடைச்சொற்கள் வாயில் அடிபட்டு வலுவிழக்கும்போது, பேசுகிறவர்கள் அவற்றோடு இன்னொன்றைச் சேர்த்துக் கெட்டிப்படுத்துவார்கள். அப்படி 'இருந்து' என்று பொருள்படும் 'அப்' வந்து முன்னால் ஒட்டிக்கொண்டது. 'அப்' கூட்டல் 'அந்தே', 'அபந்தே' ஆனது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'முன்னாலிருந்து'. ஆனால் 'இருந்து' என்ற பொருள் சீக்கிரமே கரைந்துவிட்டது. சும்மா 'முன்னால்' என்றுதான் மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். முன், முன்னே, முன்னால், முன்னாடி என்று நாமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்?

அந்தக் காலத்து இலக்கணக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பழைய இலத்தீன் அருஞ்சொல் தொகுப்பு ஒன்றில் இதைக் கண்டிக்கும் குறிப்பு இருக்கிறது. 'அந்தே' என்றுதான் சொல்ல வேண்டும், 'அப் அந்தே' என்று சொல்லக் கூடாது, இரண்டும் ஒரே வகை இடைச்சொற்கள், ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது விவரமில்லாத செயல் என்கிறது அது. இப்படிப்பட்ட கண்டனங்கள் மொழி வரலாறு எழுதுகிறவர்களுக்குப் புதையல் மாதிரி. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லாதே என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். அந்தக் குறிப்பு இருப்பதாலேயே மக்கள் அப்படிப் பேசினார்கள் என்று தெரிகிறது.

கண்டிக்கப்பட்ட சொல்தான் கடைசியில் நிலைத்தது. இத்தாலியில் 'அவந்தி'. கதவைத் தட்டினால் உள்ளிருந்து 'அவந்தி' என்பார்கள், உள்ளே வாங்க என்று அர்த்தம். பிரெஞ்சில் 'அவான்'. ருமேனிய மொழி இன்னொரு இடைச்சொல்லையும் முன்னால் சேர்த்து 'இன்' கூட்டல் 'அப்' கூட்டல் 'அந்தே' என்ற மூன்றடுக்கில் தன் சொல்லைக் கட்டியது. பிரெஞ்சும் 'அவான்' போதாமல் 'தெ' என்பதைச் சேர்த்து 'துவான்' என்று இன்னொன்றை உருவாக்கிக்கொண்டது. இன்றைய பிரெஞ்சில் வீட்டுக்கு முன்னால் என்றால் 'துவான்', ஐந்து மணிக்கு முன்னால் என்றால் 'அவான்'. ஒரே வேரின் இரண்டு கிளைகள் இடத்தையும் காலத்தையும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. பங்கீடு அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. 'முன்னோக்கி நட' என்று படைக்குக் கட்டளையிடும்போது இடப்பொருளில் இன்னும் 'அவான்'தான் வரும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பட்டம் பறிபோன பிரபுக்களை 'முன்னாள்' என்று குறித்த சொல்லில் காலப்பொருளில் 'துவான்' வந்தது.

சரி, வினைச்சொல் எப்படிப் பிறந்தது? பேச்சு இலத்தீனில் பெயரோடும் அடையோடும் 'இயாரே' என்ற முடிவைச் சேர்த்து வினை ஆக்குவது பரவலான வழக்கம். 'உயர்ந்த' என்று பொருள்படும் 'அல்துஸ்' என்ற சொல்லிலிருந்து 'உயர்த்து' என்ற வினை அப்படித்தான் வந்தது. இன்றைய பிரெஞ்சில் அது 'ஓசே'. வேட்டையாடு, நிமிர்த்து ஆகிய வினைகளும் அதே அச்சில் வார்க்கப்பட்டவை. அந்த வரிசையில் 'அபந்தே'யிலிருந்து 'அபந்தியாரே' வந்தது. எழுத்தில் இதுவரை எங்கும் கிடைக்காத வடிவம் இது. அதனால் மொழியியல் நூல்களில் இதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ஆவணத்தில் பார்த்ததில்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும் என்று அந்தக் குறிக்குப் பொருள். பிரெஞ்சில் 'அவான்சே', இத்தாலியில் 'அவன்சாரே', கத்தலான் மொழியில் இதே போன்றொரு வடிவம் என்று உறவு மொழிகளில் கிடைப்பவை எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி நிற்கும்போது அந்தப் புள்ளியில் ஒரு சொல் இருந்தது என்று முடிவு செய்கிறோம். ஸ்பானிய மொழியோ தன் சொல்லைக் கத்தலானிடமிருந்து கடன் வாங்கியது.

இலத்தீன் வடிவத்திலிருந்து பிரெஞ்சு வடிவத்துக்கு வரும் வழியில் இரண்டு ஒலி மாற்றங்கள் முக்கியம். ஒன்று, இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே அகப்பட்ட இலத்தீன் 'ப' பிரெஞ்சில் 'வ' ஆகிவிடும். இலத்தீனில் 'குதிரை' என்று பொருள்படும் 'கபல்லுஸ்' பிரெஞ்சில் 'ஷுவால்'. அவரையினப் பயறு ஒன்றைக் குறிக்கும் 'ஃபாபா' இன்று 'ஃபேவ்'. வைத்திரு, கடன்படு ஆகிய பொருள் கொண்ட அன்றாட வினைகளிலும் இதே மாற்றம் நடந்தது. கோபத்தை நாம் பேச்சில் கோவம் என்கிறோமே, அதே வகை நெகிழ்வு. இரண்டாவது, 'தி' ஒலிக்குப் பின்னால் இன்னோர் உயிர் வந்தால் அது முதலில் 'த்ஸ்' ஆகி, பிறகு வெறும் 'ஸ்' ஆகும். இவை இரண்டும் நடந்து முடிந்தபோது, 12-ம் நூற்றாண்டுப் பழைய பிரெஞ்சில் 'அவான்சியேர்' என்பது போன்ற வடிவத்தைப் பார்க்கிறோம். அதிலிருந்த 'இ' பின்னால் கழன்றுகொண்டது. இன்று சில வடிவங்களில் இந்த வினையின் 'சி' எழுத்துக்கு அடியில் போடும் சின்ன வாலும் இந்த 'ஸ்' ஒலியைக் காப்பதற்காகத்தான். அந்த வால் பிரெஞ்சு அச்சுக்குள் வந்தது 1530-களில். பாரிஸ் அச்சாளர் ஜொஃப்ருவா தோரிக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இனி 'டி'க்கு வருவோம். 15, 16-ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செவ்விய இலத்தீன் மேல் பெரும் மோகம். பிரெஞ்சுச் சொற்களை எழுதும்போதே அவற்றின் இலத்தீன் வம்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுத்தர்களும் அச்சாளர்களும் ஆசைப்பட்டார்கள். உச்சரிப்பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பழைய எழுத்துகளைத் திரும்ப உள்ளே வைத்தார்கள். 'அவ்' என்று தொடங்கும் பல பிரெஞ்சுச் சொற்களுக்கு இலத்தீனில் 'அத்வ்' என்ற தொடக்கம் இருந்தது உண்மைதான். 'நோக்கி' என்று பொருள்படும் 'அத்' என்ற முன்னொட்டு அது. அதன் 'த்' ஒலியை எழுதும் எழுத்துதான் 'டி'. வழக்கறிஞர் என்ற பொருளில் இன்று பிரெஞ்சில் 'அவொகா', இலத்தீனில் 'அத்வொகாதுஸ்'. சாகசம், வருங்காலம் ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களும் அப்படியே. இவற்றில் எல்லாம் அந்த எழுத்தைத் திரும்ப எழுதினால் வரலாறு சரியாகவே இருக்கும். அதே கையோடு 'அவான்சே'யிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். முன்னோக்கிப் போகிற சொல்லில் 'நோக்கி' இருந்தால் பொருத்தம்தானே என்றும் தோன்றியிருக்கும்.

தவறு எங்கே என்று பாருங்கள். 'அத்வொகாதுஸ்' என்ற சொல்லில் 'அத்' முன்னொட்டு. அதற்குப் பின்னால் வரும் 'வ', 'அழை' என்று பொருள்படும் வேருக்குச் சொந்தம். 'அவான்சே'யில் உள்ள 'வ' எந்த வேருக்கும் சொந்தமில்லை. அது 'அப்' என்ற முன்னொட்டின் 'ப', வாயில் நெகிழ்ந்து 'வ' ஆனது. அதன் முன்னால் போய் 'டி'யை வைத்தால், உருமாறி அங்கேயே நிற்கும் ஒரு முன்னொட்டின் நடுவில் இன்னொரு முன்னொட்டைச் சொருகியதாக ஆகிறது. 'டி'யை உண்மை என்று எடுத்துக்கொண்டால் மிச்சமிருக்கும் 'வான்ஸ்' என்பதற்கு இலத்தீனில் ஒரு வேரைக் காட்ட வேண்டும். காட்ட முடியாது. ஒலி மாற்ற விதிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம். ஆனால் அந்த விதிகளைத் தொகுக்கும் வேலை 19-ம் நூற்றாண்டில்தான் முறையாக நடந்தது. அதுவரை சொல்லாராய்ச்சி என்றால் பெரும்பாலும் கண்ணால் பார்த்து ஒப்பிடுவதுதான். இன்றும் இரண்டு சொற்கள் பார்க்க ஒன்று போல் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடும் பதிவுகள் நம்மிடையே ஏராளமாகச் சுற்றுகின்றன. ஒலி எப்படி மாறியது, அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்ததா என்ற கேள்வியைக் கேட்காத எந்த வேர்ச்சொல் விளக்கத்தையும் நம்ப வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த 'டி' தனியாக வரவில்லை. 'எடை' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் 'புவா'. இலத்தீனில் 'பென்சும்' என்பதிலிருந்து வந்தது. அதே பொருள் கொண்ட 'பொந்துஸ்' என்ற இன்னொரு சொல்தான் மூலம் என்று தவறாக எண்ணி அதிலும் ஒரு 'டி'யை வைத்தார்கள். 'அறி' என்ற வினைக்கு உண்மையான மூலம் 'சபேரே'. 'ஸ்கீரே' என்ற வேறொரு சொல்லை மூலமாக நினைத்து அதில் ஒரு 'சி' சேர்த்தார்கள். பின்னால், பிரெஞ்சு மொழியைப் பேணும் அமைப்பான பிரெஞ்சு அகாதமி தன் அகராதியின் 3-ம் பதிப்பில், 1740-ல், ஆயிரக்கணக்கான சொற்களின் எழுத்துக்கூட்டலை எளிமையாக்கியது. உச்சரிக்கப்படாத பழைய எழுத்துகள் ஏராளமாக வெளியேறின. எடைக்கான சொல்லில் வைத்த பொய் 'டி' மட்டும் எப்படியோ தப்பித்து இன்றுவரை பிரெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

பிரெஞ்சு பேசியவர்கள் 'அவான்சே'யின் 'டி'யை ஒருநாளும் உச்சரிக்கவில்லை. அதனால் அதை எடுத்துவிடுவது சுலபமாக இருந்தது. ஆங்கிலத்தில் கதை வேறு. நார்மன் பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இந்தச் சொல்லில் 'டி' இல்லை. ஒருவரைப் பதவியில் உயர்த்துவது, வாழ்வில் முன்னுக்குக் கொண்டுவருவது என்ற பொருளில் அன்று அது நிறையப் புழங்கியது. பிறகு எழுத்தில் 'டி' சேர்ந்தது. படிக்கிறவர்கள் எழுத்தில் கண்டதை வாயாலும் சொல்லத் தொடங்கினார்கள். வாயில் ஏறிய பிறகு யாரால் எடுக்க முடியும்? 'அட்வான்டேஜ்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். பிரெஞ்சில் அது 'அவான்தாஜ்', முன்னால் நிற்பதால் கிடைக்கும் வசதி. டென்னிஸில் நடுவர் சொல்லும் 'அட்வான்டேஜ்', அந்த ஆட்டத்துக்குத் தாயான பழைய பிரெஞ்சுப் பந்தாட்டத்திலிருந்து வந்தது. பிரெஞ்சு நடுவர்கள் இன்றும் 'டி' இல்லாமல்தான் அதைச் சொல்கிறார்கள். கடற்படைத் தலைவரைக் குறிக்கும் 'அட்மிரல்' என்ற ஆங்கிலச் சொல் அரபு 'அமீர்' என்பதிலிருந்து கிளைத்தது. அதிலும் இலத்தீன் சாயலில் ஒரு 'டி' ஏறியது. பிரெஞ்சில் அது வெறும் 'அமிரால்'.

சில சொற்கள் மட்டும் இந்த வலையில் சிக்காமல் தப்பின. படைக்கு முன்னே போகும் பிரிவைப் பிரெஞ்சில் 'அவான் கார்த்' என்பார்கள். முன்காவல் என்று பொருள். நம் 'முன்னணி'யும் இதே போலப் படையிலிருந்து வந்த சொல்தான். ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் அதன் முதல் உயிரே கழன்று விழுந்து 'வான்கார்ட்' ஆனது. தலையே இல்லாத சொல்லில் முன்னொட்டைத் திருத்த முடியாதே. செருப்புத் தொழிலில் காலணியின் மேல்முன்பகுதியை ஆங்கிலத்தில் 'வாம்ப்' என்பார்கள். அதுவும் 'பாதத்தின் முன்பக்கம்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் தேய்ந்த வடிவம். அதில் பிரெஞ்சு 'அவான்' ஒளிந்திருப்பது பார்த்தவுடன் தெரியாது.

இலத்தீன் 'அந்தே' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இன்னும் பின்னால் போக முடிகிறது. கிரேக்கத்தில் 'அந்தி' என்றால் எதிரே. சமஸ்கிருதத்தில் அதே 'அந்தி' என்ற சொல்லுக்கு 'அருகில், முன்னிலையில்' என்று பொருள். ஜெர்மன் மொழியில் பதில் என்பது 'அந்த்வோர்ட்', எதிர்ச்சொல். ஆங்கில 'ஆன்சர்' என்பதன் முதல் பாதியும் இதே துண்டுதான். சமஸ்கிருத 'அந்த' என்றால் முடிவு, எல்லை. ஒரு பொருளின் முன்முனை என்ற கருத்திலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். நாம் 'ஆதி அந்தம்' என்று சொல்வது அங்கிருந்து வாங்கியது. இவற்றோடு மாலை நேரத்தைக் குறிக்கும் நம் 'அந்தி'யையும், சுட்டுச்சொல் 'அந்த'வையும் ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகச் சேர்த்துவிடக் கூடாது.

இந்த உறவுக் கூட்டத்தில் மிகவும் மதிப்புள்ள சாட்சி ஹிட்டைட் மொழி. இன்றைய துருக்கியில் போகாஸ்கோய் என்ற ஊரில் 1906-ல் தொடங்கிய அகழ்வில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் இருந்த மொழி, கிரேக்கம், இலத்தீன், சமஸ்கிருதம் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915-ல் செக் அறிஞர் பெத்ரிக் ஹ்ரொஸ்னி காட்டினார். அந்த மொழியில் 'ஹந்த்' என்றால் நெற்றி. முன் என்ற கருத்து நெற்றியிலிருந்து பிறந்திருக்கிறது என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. முகத்திலிருந்து முகப்பு வந்ததைப் போன்ற பொருள் வளர்ச்சி.

அதைவிட முக்கியம், சொல்லின் தொடக்கத்தில் உள்ள அந்த 'ஹ' ஒலி. கிரேக்கத்திலோ இலத்தீனிலோ சமஸ்கிருதத்திலோ அது கிடையாது. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஃபெர்தினாந்த் து சொசூர் 21 வயதில் வெளியிட்ட ஓர் ஆய்வில், 1879 என்று ஆண்டு போட்ட நூலில், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் பின்னால் மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டிருந்தார். உயிர் ஒலிகள் மாறும் ஒழுங்கை மட்டும் வைத்து அவர் செய்த கணிப்பு அது. கையில் ஆதாரம் எதுவும் இல்லை. அவர் 1913-ல் இறந்தார். 1927-ல் போலந்து அறிஞர் யெர்ஸி குரிலோவிச், சொசூர் ஊகித்த இடங்களில் ஹிட்டைட் மொழியில் இந்த 'ஹ' நிற்பதைச் சுட்டிக்காட்டினார். மொழியியலில் இவ்வளவு அழகாகத் தேறிய கணிப்பு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. நட்சத்திரக் குறி போட்ட சொற்களை வெறும் கற்பனை என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்த 'ஹந்த்'தான்.

அப்புறம் பொருள். 'அந்தே'யின் பிள்ளைகளில் ஒரு கூட்டம் கடந்த காலத்தைப் பார்க்கிறது. பழைய என்று பொருள்படும் பிரெஞ்சு 'ஆன்சியேன்', முன்னோரைக் குறிக்கும் 'ஆன்செத்ர்', மூத்த பிள்ளையைக் குறிக்கும் 'எனே' ஆகியவை அந்தக் கூட்டம். 'எனே' என்றால் முன்பிறந்தவர். 'அவான்சே' எதிர்காலத்தைப் பார்க்கிறது. நம் மொழியிலும் முன்னோர் கடந்து போனவர்கள், முன்னேற்றம் இனி வரப்போவது. நடந்து போகிறவருக்கு முன்னால் இருப்பது இனி அடையப்போகும் இடம். வரிசையில் நிற்கிறவருக்கு முன்னால் இருப்பவர் தனக்கு முந்தி வந்தவர். இரண்டு பார்வைகளும் ஒரே சொல்லுக்குள் எந்தச் சண்டையும் இல்லாமல் குடியிருக்கின்றன.

அதனால்தான் பிரெஞ்சில் ஒரு கூட்டத்தை 'அவான்சே' செய்தால் அது முன்தேதிக்கு வருகிறது. இந்திய ஆங்கிலத்தில் 'ப்ரீபோன்' என்று நாம் தனியாக ஒரு சொல்லை உருவாக்கிச் செய்துகொள்ளும் வேலை அது. கடிகாரம் 'அவான்சே' செய்தால் வேகமாக ஓடுகிறது என்று பொருள். கருத்தை முன்வைப்பதும், பணத்தை முன்கூட்டிக் கொடுப்பதும் அதே வினைதான். நம் முன்பணத்துக்கும் அட்வான்ஸுக்கும் அடிப்படையான கருத்து ஒன்றே என்பது இங்கே தெளிவாகிறது. இத்தாலியில் இந்த வினை இன்னொரு திசையில் நகர்ந்து 'மீந்துபோவது' என்ற பொருளையும் பெற்றது. அங்கே 'அவன்சி' என்றால் மிச்சமான சாப்பாடு.

இவ்வளவு தெளிவாக வேரைக் காட்ட முடிகிற வினைகள் பிரெஞ்சில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நடப்பதைக் குறிக்கும் 'மார்ஷே' இலத்தீனே அல்ல. தடம் பதி என்று பொருள்படும் ஃபிராங்கிய ஜெர்மானிய வினை ஒன்றிலிருந்து வந்து, முதலில் மிதிப்பதைக் குறித்த சொல் அது. மிக எளிய வினையான 'அலே', அதாவது 'போ', இன்னும் தீராத வழக்கு. அதன் வடிவங்கள் மூன்று வேறு மூலங்களிலிருந்து சேர்ந்தவை. 'நான் போகிறேன்' என்பதில் இலத்தீன் 'வாதெரே', 'போவேன்' என்பதில் இலத்தீன் 'ஈரே' என்று இரண்டு மூலங்கள் உறுதி. 'நாங்கள் போகிறோம்' என்பதில் வரும் 'அல்' மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. 'நட' என்ற பொருளுள்ள 'அம்புலாரே' என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். வழக்கமான ஒலி மாற்றப்படி அதிலிருந்து 'ஆம்ப்லே' போன்ற வடிவம் வர வேண்டும். குதிரையின் ஒருவகை நடைக்கு அப்படி ஒரு சொல் இருக்கவும் செய்கிறது. நடுவில் இருந்த 'ம்ப்' எப்படி மறைந்தது என்பதற்கு, அடிக்கடி வேகமாகச் சொல்லப்பட்ட கட்டளைகளில் அது சுருங்கியிருக்கலாம் என்று விளக்கம் தருகிறார்கள். இத்தாலிய 'அந்தாரே'யையும் அதே மூலத்தோடு சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பதில் அறிஞர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள்.